மாதிரி விமான எஞ்சினுக்கு மைதானச் சாதனங்கள்: எதை வாங்குவது, எதை விடுவது?

நம் பிள்ளைகளில் சிலர் என்.சி.சி. விமானப் பிரிவிலும், வேறு சிலர் பொறியியல் கல்லூரிகளின் விமான மாதிரிக் குழுக்களிலும் சேர்ந்து, ரேடியோவால் இயக்கும் சிறு விமானங்களைச் செய்து பறக்கவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. கைவேலையும் கணக்கும் பொறுமையும் ஒன்றாகப் பழகும். ஆனால் விமானம், எஞ்சின், ரேடியோ எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்து முடித்த பெற்றோரிடம் சில நாள் கழித்து இரண்டாவது பட்டியல் ஒன்று வந்து சேரும். ஸ்டார்ட்டர், 12 வோல்ட் பாட்டரி, குளோ கிளிப், பவர் பேனல், ஃபீல்டு சார்ஜர் என்று அது நீளும். "இதில் எது அவசியம், எது ஆடம்பரம்?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, கடைக்காரரோ எல்லாமே அவசியம் என்பார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பட்டியலைப் பற்றியது. மைதானச் சாதனங்களைக் கடை அலமாரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எஞ்சினைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை வினாடி கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். மிச்சமாகும் பணத்தில் பிள்ளையின் விரல்களையும் நம் வீட்டையும் காப்பாற்றக்கூடிய சில மலிவான பொருள்களை வாங்கலாம்.

முதலில், எஞ்சின் எந்த வகை?

மாதிரி விமானங்களில் இன்று மூன்று வகைகளைப் பெரும்பாலும் காணலாம். முதலாவது மின்மோட்டார். புதிதாகத் தொடங்குவோர் பலரும் இதைத்தான் வாங்குகிறார்கள். இதற்குக் கிளப்பும் சாதனம் எதுவும் வேண்டாம். நல்ல சார்ஜர் ஒன்று இருந்தால் போதும். இரண்டாவது குளோ எஞ்சின். மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும். 40 அளவு, 46 அளவு என்று சொல்வார்கள். அதாவது முறையே சுமார் 6.5, 7.5 கன சென்டிமீட்டர். மேலே சொன்ன பட்டியல் முழுவதும் இதற்காகத்தான். மூன்றாவது பெட்ரோல் எஞ்சின். பெரும்பாலும் 20 கன சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். ஸ்கூட்டரைப் போலத் தீப்பொறி பிளக்கும் அதற்கென மின்னணுப் பெட்டியும் உண்டு. குளோ கிளிப்புக்கு இங்கே வேலையே இல்லை. பெட்ரோல் எஞ்சின் வாங்கிய வீட்டில் குளோ கிளிப்பும் இருந்தால், அது கடைக்காரரின் திறமை என்று கொள்ளலாம்.

குளோ பிளக் கேட்பது என்ன?

குளோ பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. முதலில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அதைச் சிவக்கச் சூடாக்க வேண்டும். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு மின்சாரத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு எரிதலிலும் எழும் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நிகழும் வேதிவினையின் வெப்பமும் சேர்ந்து சுருளைத் தொடர்ந்து கனல வைக்கும். நம் பாட்டிமார்களின் கரியடுப்பும் இப்படித்தான்: பற்றிக்கொள்ளும் வரை விசிற வேண்டும், பற்றிய பிறகு தானே கனன்றுகொண்டிருக்கும்.

இந்தச் சுருள் கேட்பது சுமார் ஒன்றரை வோல்ட்தான். ஆனால் ஆம்பியர் 3 வரை கேட்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'பென்சில் செல்லும் ஒன்றரை வோல்ட்தானே, அதையே வைத்தால் என்ன?' என்று தோன்றும். அடுக்குமாடியின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது தொட்டியின் உயரம். ஆம்பியர் என்பது குழாயில் வந்து விழும் தண்ணீரின் அளவு. சாதாரணப் பென்சில் செல்லில் தொட்டி போதிய உயரத்தில் இருக்கிறது, குழாய்தான் மெல்லியது. 3 ஆம்பியர் கேட்டால் அதன் வோல்ட் சரிந்துவிடும், சுருள் மங்கலாகவே எரியும். மறுபுறம், 12 வோல்ட் பாட்டரியை நேரடியாகக் கொடுத்தால் சுருள் அந்த நொடியிலேயே அறுந்துபோகும்.

ஆகவே தடித்த, குட்டையான ஒற்றை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் பொருத்திய குளோ கிளிப்பே போதுமானது. அதன் 1.2 வோல்ட்டில் பெரும்பாலான பிளக்குகள் நன்றாகக் கனலும். ஒரு தடவை கிளப்ப 30 வினாடி ஆகிறது, 3 ஆம்பியர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் அது 0.025 ஆம்பியர்-மணி. செல்லின் கொள்ளளவு 1.8 ஆம்பியர்-மணி என்றால் ஏட்டுக் கணக்கில் 72 தடவை கிளப்பலாம். நடைமுறையில் அதில் பாதி என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாராளம்.

வாங்கும்போது கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாவது சிறு ஆம்பியர் மீட்டர் உள்ள கிளிப்பாக வாங்குங்கள். முள் அசையவே இல்லையென்றால் பிளக்கின் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பு சரியில்லை. முள் வழக்கத்தைவிட மேலே நின்றால் எஞ்சினுக்குள் எரிபொருள் மிகுந்து சுருள் நனைந்திருக்கலாம். கிளம்பாத எஞ்சினோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதை இந்தச் சிறு முள் மிச்சப்படுத்தும்.

விரலா, குச்சியா, ஸ்டார்ட்டரா?

விசிறியை விரலால் தட்டி எஞ்சினைக் கிளப்புவதைப் பலரும் பெருமையாகச் செய்வார்கள். ஆனால் எஞ்சின் சில சமயம் எதிர்ப்புறமாக உதைக்கும். கிளம்பிய விசிறி நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும். அதன் விளிம்பு கத்திக்குச் சமானம். விரல் போனால் திரும்பி வராது. எனவே வெறும் விரலால் தட்டுவது வேண்டவே வேண்டாம்.

இதற்கு மிக மலிவான மாற்று, ரப்பர் உறை போட்ட குச்சி. ஆங்கிலத்தில் இதைச் 'சிக்கன் ஸ்டிக்' என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த மொழியில் கோழைக்குச் சிக்கன் என்று பெயர். கோழை என்ற பெயரோடு பத்து விரலும் இருப்பதே மேல். ஒரு அடி நீள உருண்டைக் கட்டையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை இறுக்கமாகச் செருகினால் வீட்டிலேயே செய்துவிடலாம். 40, 46 அளவு எஞ்சின் நல்ல நிலையில் இருந்து ஊசி வால்வும் சரியாக வைக்கப்பட்டிருந்தால், இந்தக் குச்சியாலேயே நாலைந்து தட்டில் கிளம்பும்.

அப்படியானால் மின் ஸ்டார்ட்டர் எதற்கு? தில்லியின் ஜனவரிக் காலைக் குளிரில் மெத்தனால் எளிதில் ஆவியாகாது. அப்போது வேகமாகச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் பெரிய உதவி. புதிய, இறுக்கமான எஞ்சினுக்கும், போட்டிகளில் நேரம் குறைவாக இருக்கும்போதும் அது பயன்படும். ஆனால் ஸ்டார்ட்டர் கோளாறைத் தீர்க்கும் மருந்து அல்ல. பிளக் அறுந்த எஞ்சினும், எரிபொருள் வராத எஞ்சினும், ஸ்டார்ட்டர் வைத்தாலும் கிளம்பாது. குச்சியால் கிளப்பக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கோளாறு எங்கே என்று தெரியும். முதல் நாளிலிருந்தே ஸ்டார்ட்டரை அழுத்தப் பழகியவனுக்குத் தெரியாது.

ஸ்டார்ட்டரால் வரும் சேதம் ஒன்றும் உண்டு. எரிபொருள் மிகுதியாகப் புகுந்து சிலிண்டரில் தேங்கிவிட்டால், பிஸ்டன் அதை அழுத்த முடியாது. திரவம் காற்றைப்போல் சுருங்காது. கையால் சுற்றினால் விசிறி இறுகி நிற்பது தெரியும். ஆனால் ஸ்டார்ட்டருக்கு அது தெரியாது. முரட்டுப் பலத்தோடு சுற்றி உள்ளேயுள்ள இணைப்புத் தண்டை வளைத்துவிடும். ஆகையால் குளோ கிளிப்பை மாட்டும் முன், விசிறியைக் கையால் இரண்டு முறை மெல்லச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். இறுகினால் பிளக்கைக் கழற்றி, விமானத்தைக் கவிழ்த்து எரிபொருளை வெளியேற்ற வேண்டும்.

கிளப்பும்போது இன்னொருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். திராட்டில் தாழ்ந்த நிலையில் இருக்கட்டும். ஸ்டார்ட்டரின் ரப்பர்க் கிண்ணத்தை விசிறியின் மூக்கில் அழுத்திப் பொருத்திய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். முன்னிருந்து பார்த்தால் எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஸ்டார்ட்டரின் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் அதுவும் தலைகீழாகச் சுற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விசிறிக்குப் பின்னால் வந்து நின்றுதான் குளோ கிளிப்பை எடுப்பதும் ஊசி வால்வைத் திருகுவதும். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் விசிறிக்கு அருகில் போகக் கூடாது.

12 வோல்ட் பாட்டரி

ஸ்டார்ட்டர் வாங்குவதென்றால் 12 வோல்ட் பாட்டரி வேண்டும். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் மூடிய ஈய பாட்டரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, இதற்குப் போதும். எடை சுமார் இரண்டரைக் கிலோ. மாதிரி விமானக் கடைக்குப் போய் இதைத் தேட வேண்டியதில்லை. மும்பையில் லாமிங்டன் ரோடு, தில்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவில் சாந்தினி சௌக் போன்ற இடங்களில் எளிதில் கிடைக்கும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். அலமாரியில் ஓராண்டு தூங்கிய பாட்டரி வேண்டாம். தேதியைக் காட்டச் சொல்வதற்கு நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியே போதும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 30 ஆம்பியர் இழுக்கிறது, 3 வினாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவும் அதே 0.025 ஆம்பியர்-மணிதான். 7 ஆம்பியர்-மணியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் நூறு தடவைக்கு மேல் கிளப்பலாம். ஆக, கிளப்புவதற்காகப் பெரிய பாட்டரி வாங்க வேண்டியதில்லை. ஆனால் 30 ஆம்பியர் மெல்லிய கம்பி வழியாகப் போனால் கம்பி சூடாகி ஸ்டார்ட்டர் சோம்பும். இன்வர்ட்டருக்குப் போடுவதுபோலத் தடித்த செம்புக் கம்பியைக் குறுகிய நீளத்தில் போட்டு, ஃபியூஸ் ஒன்றும் வைக்க வேண்டும்.

பவர் பேனல் என்பது இந்த ஒரே பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர், குளோ பிளக், எரிபொருள் பம்ப் மூன்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பலகை. வசதியானதுதான். ஆனால் தனிக் குளோ கிளிப்பும், கையால் சுற்றும் பம்பும் இருந்தால் பேனல் இல்லாமலே காலம் தள்ளலாம்.

மைதானத்தில் மின்னேற்றம் செய்யலாமா?

மின்மோட்டார் விமானங்களுக்கு லித்தியம் பாலிமர் பாட்டரி. இதைப் பறக்கும் இடத்திலேயே சார்ஜ் செய்வதற்குத்தான் ஃபீல்டு சார்ஜர். இங்கே கணக்கு முற்றிலும் வேறு. மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் 2200 மில்லி ஆம்பியர்-மணிப் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 24 வாட்-மணி இருக்கும். ஒரு பறத்தலுக்குப் பின் அதில் ஐந்தில் நாலு பங்கைத் திரும்ப நிரப்ப வேண்டும். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 24 வாட்-மணி போகும். நம் 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் மொத்தம் 84 வாட்-மணி. அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். அதாவது ஒரு தடவை சார்ஜ் செய்யலாம், இரண்டாவது தடவை இழுபறிதான். ஸ்டார்ட்டருக்கு நூறு தடவை உழைக்கும் பாட்டரி, சார்ஜருக்கு இரண்டே தடவையில் களைத்துவிடும்.

35 ஆம்பியர்-மணி கார் பாட்டரியில் இதே கணக்குப்படி எட்டு தடவை சார்ஜ் செய்யலாம். ஆனால் நாம் வந்த காரின் பாட்டரியிலேயே அதைச் செய்தால் மாலையில் காரைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். தனியாக ஒரு பாட்டரி வாங்குவதைவிட, கூடுதலாக இரண்டு லித்தியம் பொட்டலங்கள் வாங்கி, வீட்டில் நம் கண்முன்னே சார்ஜ் செய்து எடுத்துப் போவது பல குடும்பங்களுக்கு ஏற்றது. ஆகவே சார்ஜர் வாங்கும்போது வீட்டு மின்சாரத்திலும் 12 வோல்ட்டிலும் இயங்குவதாக ஒன்று வாங்கினால் போதும். இரண்டு சார்ஜர்கள் தேவையில்லை.

சார்ஜர் எப்படி இருந்தாலும் சில விதிகளைத் தளர்த்தக் கூடாது. லித்தியம் பொட்டலத்தை ஒவ்வொரு செல்லையும் சமன் செய்யும் சார்ஜரில்தான் போட வேண்டும். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சவரம்பு. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. 2200 மில்லி ஆம்பியர்-மணிப் பொட்டலத்துக்கு 2.2 ஆம்பியரில் ஏற்றுவது பாதுகாப்பானது. ஒரு மணி நேரம் ஆகும். பறந்து இறங்கிய பொட்டலம் சூடாக இருந்தால் ஆறிய பிறகே ஏற்ற வேண்டும். உப்பிய பொட்டலத்தை ஏற்றவே கூடாது. சார்ஜ் ஆகும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது கூடாது. மெத்தை, திரை, செய்தித்தாள் கட்டு அருகே வேண்டாம்; தரை ஓட்டின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. பழுதான பொட்டலங்களை வீட்டுக் குப்பையோடு போடாமல் தனியாக ஒப்படைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன.

ஈய பாட்டரிக்கும் லித்தியத்துக்கும் குணம் நேர் எதிர். ஈய பாட்டரியை மைதானத்திலிருந்து வந்த அன்று மாலையே முழுதாக நிரப்பி வைக்க வேண்டும். காலியாக விட்டால் தகட்டில் படிவு ஏறிக் கெட்டுவிடும். லித்தியத்தை நிறைத்து வாரக்கணக்கில் வைத்தால் அது கெடும், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். ஈயத்துக்கு முழு வயிறு, லித்தியத்துக்கு அரை வயிறு என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம்.

குளோ எஞ்சின் விமானத்தின் உள்ளே ரேடியோவுக்கென்று ஒரு சிறு பாட்டரி உண்டு. பெரும்பாலும் நாலு நிக்கல் செல்கள், 4.8 வோல்ட். அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றுவது பழைய, நம்பகமான முறை. இதை மைதானத்தில் அவசரமாக ஏற்றுவதைவிட, ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்பு சோதிக்கும் மீட்டர் வாங்குவது முக்கியம். சுமை கொடுத்துப் பார்க்கும் மீட்டராக இருக்க வேண்டும். 4.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அன்றைக்குப் பறத்தல் முடிந்தது. எஞ்சின் நின்றாலும் விமானத்தை வழுக்கி இறக்கலாம்; ரேடியோ நின்றால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

எரிபொருள்: வீட்டில் இருக்கும் விஷம்

குளோ எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். மீதி விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ, சிலவற்றில் நைட்ரோமீத்தேனும் சேர்ந்திருக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட விஷச் சாராயத்தில் கலந்திருந்ததும் இதே மெத்தனால்தான். சிறிதளவு உள்ளே போனாலும் கண் பார்வையும் உயிரும் போகலாம். குடித்த உடனே அறிகுறி தெரியாமல் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்; ஆகையால் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய குடிதண்ணீர் பாட்டிலில் எரிபொருளை ஊற்றி வைப்பது எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது. பெயர் எழுதிய, இறுக மூடிய டப்பாவில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மெத்தனாலின் தீச்சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடுகள் உள்ளன. மாநிலத்துக்கு மாநிலம் அவை வேறுபடும். கல்லூரி அல்லது என்.சி.சி. பிரிவு மூலமாகப் பெறுவதே தொல்லை இல்லாத வழி.

ஊருக்குப் போகும்போது

விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் தாத்தாவுக்குப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். எரிபொருளை ரயிலில் எடுத்துப் போகவே கூடாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தண்டனையைவிட, எழுபது பேர் தூங்கும் பெட்டியில் அது செய்யக்கூடியது பெரிது. விமானப் பயணத்திலும் எரிபொருளுக்கு இடமில்லை. 100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் பொட்டலங்களை, முனைகளை மூடி, கைப்பையில் மட்டுமே எடுத்துப் போகலாம். முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஊருக்கு என்று மின்மோட்டார் விமானம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் இந்தக் கவலைகளில் பாதி இல்லை. எங்கே பறக்கவிடுவதானாலும், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் வான்வெளி வரைபடத்தில் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட வேண்டும்.

எந்த வரிசையில் வாங்குவது?

குளோ எஞ்சின் வைத்திருப்போருக்கு முதலில் மீட்டர் உள்ள குளோ கிளிப், ரப்பர் குச்சி, உபரியாக இரண்டு குளோ பிளக், ரேடியோ பாட்டரியைச் சோதிக்கும் மீட்டர், கைப் பம்ப். இவற்றோடு ஒரு பருவம் முழுவதும் பழகலாம். அதன் பிறகு தேவை என்று தோன்றினால் ஸ்டார்ட்டரும் யூ.பி.எஸ். பாட்டரியும். பவர் பேனல் கடைசியில்தான். மின்மோட்டார் வைத்திருப்போருக்கு நல்ல சமன் செய்யும் சார்ஜர் ஒன்று, கூடுதல் பொட்டலங்கள் இரண்டு, மணல் வாளி ஒன்று. பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்போருக்கு ரப்பர் குச்சியோ தடித்த தோல் கையுறையோ, அதன் தீப்பொறிப் பெட்டிக்கு ஏற்ற பாட்டரியும் சார்ஜரும்.

அடுத்த முறை அந்த இரண்டாவது பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வோல்ட், ஆம்பியர், வினாடி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத பொருளை அந்த மாதம் வாங்க வேண்டாம்.